வலது முன்சக்கரத்தின் முனகல்

கிருஷ்ணகிரிப் பக்கம் மாம்பழக் காலம் உச்சத்தில் இருந்த மே மாத இறுதியில், காவேரிப்பட்டணத்தில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போய்விட்டு, பின்பக்கம் நான்கு கூடை மாம்பழத்தோடு தருமபுரிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். காரிமங்கலம் தாண்டியதும், முன் இருக்கையில் அமர்ந்திருந்த அம்மா, “வண்டி ஏன்டா இப்படி முனகிக்கிட்டே வருது?” என்று கேட்டார். அந்தச் சத்தம் பொங்கலிலிருந்தே எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. டயர் சத்தம், சாலைச் சத்தம் என்று நானே காரணம் சொல்லி நான்கு மாதம் தள்ளிப்போட்டிருந்தேன். வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாத அம்மாவே கேட்கும் அளவுக்கு அது வளர்ந்துவிட்டது என்று தெரிந்தபோது, தள்ளிப்போட்டது தவறு என்பது உறைத்தது.

அது 40 கிலோமீட்டர் வேகத்தில் மெல்லத் தொடங்கும். 60-இல் தெளிவாகக் கேட்கும். 80-ஐத் தொட்டால் தொலைவில் மாவு மில் ஓடுவதைப் போல ஒரே சீரான ஊளையாக மாறும். கியரை மாற்றினாலும் அதன் தொனி மாறவில்லை. பின்னால் வண்டி எதுவும் வராத நேரம் பார்த்துக் கிளட்சை மிதித்தேன். என்ஜின் சத்தம் அடங்கியது, முனகல் அடங்கவில்லை. ஆகவே அது என்ஜினோடு அல்ல, சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் ஏதோ ஒன்றிலிருந்து வருகிறது என்பது உறுதியானது.

சக்கரத்தோடு சுழல்பவற்றில் முதலில் சந்தேகிக்க வேண்டியது டயரைத்தான். டயரின் விளிம்புக் கட்டைகள் சமமாகத் தேயாமல் ரம்பப் பல்லைப் போல ஒருபக்கம் உயர்ந்து நின்றால், ஏறத்தாழ இதே சத்தம் வரும். உள்ளங்கையைத் தேய்மானப் பரப்பின் மேல் முன்னும் பின்னுமாக ஓட்டிப் பார்த்தால் அந்தப் பல் கையில் இடறும். எங்கள் டயர்களில் அப்படி ஒன்றும் இடறவில்லை. இருந்தாலும் முன் டயர்களைப் பின்னுக்கும் பின் டயர்களை முன்னுக்கும் மாற்றிப் போட்டு மறுநாள் பாலக்கோடு வரை ஓட்டிப் பார்த்தேன். டயர்தான் காரணமென்றால் சத்தம் இடம் மாறியிருக்க வேண்டும். அது முன்பக்கத்திலேயே நின்றது. டயரின் சத்தம் சாலைக்குச் சாலை மாறும், கரடான தார்ச்சாலையில் ஒருவிதமாகவும் வழவழப்பான சாலையில் வேறுவிதமாகவும் கேட்கும். சக்கரத்தைத் தாங்கிச் சுழலவிடும் பேரிங்கின் சத்தம் சாலையைப் பொருட்படுத்தாது, வேகத்தை மட்டுமே பார்க்கும்.

எந்தப் பக்கத்துப் பேரிங் என்று அறிய வளைவுகள் உதவின. 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் இடதுபுறம் வளையும் நீண்ட வளைவுகளில் முனகல் பெருத்தது, வலதுபுறம் வளையும்போது மெலிந்தது. வண்டி இடப்பக்கம் திரும்பும்போது அதன் பாரம் வலப்பக்கச் சக்கரங்களின் மேல் சாய்கிறது என்பதால், வலது முன்சக்கரத்தின் மேல் சந்தேகம் விழுந்தது. இந்த விதி பெரும்பாலும் சரியாக வரும் என்றாலும் இதை மட்டும் நம்பிப் பேரிங்கைக் கழற்றிவிடக் கூடாது. முன்சக்கர பேரிங்கில் குண்டுகள் இரண்டு வரிசையாக இருக்கும். எந்த வரிசை கெட்டிருக்கிறது என்பதைப் பொறுத்துச் சத்தம் சில வேளைகளில் எதிர்ப்பக்கத்தைக் காட்டி ஏமாற்றக்கூடும்.

அதனால் ஞாயிற்றுக்கிழமை காலை, வீட்டு வாசலில் சமதரையில் வண்டியை நிறுத்தி, பின்சக்கரங்களுக்குக் கல் அண்டை கொடுத்து, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டின் மேல் இறக்கினேன். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் கையை நீட்டுவது உயிருக்கு உலை. டயரின் மேல்நுனியில் ஒரு கையும் கீழ்நுனியில் ஒரு கையும் வைத்து ஆட்டியபோது மிக நுட்பமான ஒரு ‘டிக்’ கையில் தெரிந்தது. இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டினாலும் அதே ‘டிக்’. இட வலத்தில் மட்டும் ஆட்டம் இருந்திருந்தால் ஸ்டியரிங் ராடின் நுனியைச் சந்தேகித்திருப்பேன். பிறகு தம்பியைச் சக்கரத்தைக் கையால் சுழற்றச் சொல்லிவிட்டு, நான் ஷாக் அப்சார்பரைச் சுற்றியிருக்கும் சுருள் கம்பியில் இரண்டு விரல்களை வைத்துப் பார்த்தேன். இடது பக்கத்தில் விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை. வலது பக்கத்தில், மணல் கலந்த மாவை அரைப்பது போன்ற ஒரு நறநறப்பு விரல்நுனி வரை ஏறி வந்தது. காதுக்குக் கேட்காததை அந்தச் சுருள் காட்டிக்கொடுத்துவிடுகிறது. இதைவிட எளிய, செலவில்லாத சோதனை வேறு இல்லை என்றே நினைக்கிறேன்.

பேரிங் போய்விட்டது என்பது முடிவானதும், ஏன் போனது என்ற கேள்விதான் என்னை அதிகமாகத் தொந்தரவு செய்தது. தொழிற்சாலையில் பொருத்தி வந்த முதல் பேரிங் 90,000 கிலோமீட்டர் வரை ஓடியது. 2023-இல் அதை மாற்றிப் போட்ட பேரிங் 16,000 கிலோமீட்டரிலேயே முடிந்துவிட்டது. இடையில் நடந்தவற்றில் என் மனம் உடனே போய் நின்றது ஊத்தங்கரையில். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த பிறகு, ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டி, நிறுத்தியிருந்த வண்டிகளே வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டதை இந்தப் பக்கத்துக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அடுத்த நாள் அங்கிருக்கும் உறவினர் வீட்டுக்கு அரிசியும் போர்வைகளும் எடுத்துக்கொண்டு போனபோது, அரைச் சக்கரம் மூழ்கும் தண்ணீரில் நூறு அடி தூரம் வண்டியை ஓட்டிக் கடந்தேன். சக்கரம் பூட்டப்படும் நடுப்பாகமான ஹப், ஓடிச் சூடேறியிருக்கையில் சட்டென்று குளிர்ந்த நீரில் இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, பேரிங்கின் பக்கத்தை மூடியிருக்கும் சீலின் விளிம்பு வழியாக நீரை உறிஞ்சிக்கொள்ள இடமுண்டு. நீர் புகுந்தால் கிரீஸ் பால்போல வெளுத்து, அதன் வழவழப்பை இழந்துவிடும். அதுதான் காரணம் என்று ஏறக்குறைய முடிவே கட்டிவிட்டேன்.

ஆனால் 2023-இல் அந்தப் பேரிங்கை மாற்றிய நாளும் நினைவுக்கு வந்தது. வெளியூர்ப் பயணத்தின் நடுவே, அவசரத்துக்கு ஒரு பட்டறையில் மாற்றினோம். பேரிங் உட்காரும் நக்கிள் என்ற இரும்புப் பாகத்தை ஒரு மரக்கட்டையின் மேல் வைத்து, ஹப்பை மேலிருந்து பெரிய சம்மட்டியால் அடித்து இறக்கினார்கள். அந்த அடியின் சத்தம் தெருவரை கேட்டது. வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்ததில் எனக்கு அன்று மகிழ்ச்சிதான். தவறு நடக்கிறது என்று சொல்லும் அறிவு அப்போது எனக்கு இல்லை.

பேரிங் என்பது அடிப்படையில் இரண்டு எஃகு வளையங்கள். வெளிவளையம் நக்கிளுக்குள் அசையாமல் இறுக்கமாக உட்கார்ந்திருக்கும். உட்பக்கம், வெளிப்பக்கம் என இரண்டு துண்டுகளாக இருக்கும் உள்வளையம் ஹப்போடு சேர்ந்து சுழலும். நடுவில் சைக்கிள் கடையில் பால்ரஸ் என்று கேட்டு வாங்குவோமே, அதே இனத்துக் குண்டுகள், ஆனால் மிகவும் நுட்பமாகக் கடைந்து மெருகேற்றப்பட்டவை, இரண்டு வரிசைகளாக ஓடும். வண்டியின் பாரத்தைச் சுமக்கும்போது ஒரு குண்டு வளையத்தைத் தொடுகிற இடம் ஒரு கடுகின் அளவுகூட இருக்காது. வண்டி 60 கிலோமீட்டர் வேகத்தில் போகையில் சக்கரம் நிமிடத்துக்கு 500 முறைக்கு மேல் சுற்றுகிறது; இரண்டு மூன்று சுற்றுக்கு ஒருமுறை ஒவ்வொரு குண்டும் பாரத்தின் கீழ் நசுங்கி எழுகிறது. அந்த வழவழப்பான பாதையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குழி விழுந்தால்கூட, குண்டு அதில் விழுந்து எழும் ஒவ்வொரு முறையும் அதன் விளிம்பைச் சிறிது சிறிதாக உடைத்துக்கொண்டே போகும். நமக்குக் கேட்ட முனகல் அந்த உடைப்பின் சத்தம்.

எங்கள் தாத்தாவிடம் கட்டை வண்டி இருந்தது. வைக்கோலை எரித்த கரியை விளக்கெண்ணெயில் குழைத்து மை செய்து, ஒவ்வொரு சந்தைப் பயணத்துக்கும் முன்பு அச்சில் அவர் தடவுவதைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். கடையாணியைத் தட்டிப் பார்க்காமல் மாட்டைப் பூட்ட மாட்டார். தருமபுரிக்குத் தகடூர் என்ற பெயர் இருந்த காலத்தில், அதை ஆண்ட அதியமானின் மகனைப் புகழும் சங்கப் பாடல் ஒன்று, பள்ளத்தில் இறங்கும்போதும் மேட்டில் ஏறும்போதும் என்ன நேருமோ என்று எண்ணி உப்பு வணிகர்கள் வண்டியின் அடிமரத்தில் கட்டிக்கொண்டு போன சேம அச்சுக்கு, அதாவது மாற்று அச்சுக்கு, அவனை ஒப்பிடுகிறது. இந்த மண்ணின் மேடு பள்ளமும் அச்சைப் பற்றிய கவலையும் அவ்வளவு பழையவை. இன்றைய பேரிங்குக்கு நாம் மை தடவ முடியாது. தொழிற்சாலையிலேயே கிரீஸ் நிரப்பி, இரு பக்கமும் சீல் வைத்துத்தான் அது வருகிறது. அதைப் பொருத்தும் நாளில் ஒழுங்காகப் பொருத்துவது ஒன்றுதான் நம்மால் அதற்குச் செய்ய முடிந்த பராமரிப்பு.

மாதம் ஒருமுறை அம்மாவைக் கண் பரிசோதனைக்காகச் சேலத்துக்கு அழைத்துப் போகிறேன். வழியில் தொப்பூர் கணவாய் இருக்கிறது. பாரம் ஏற்றிய லாரிகள் பிரேக் பிடிக்காமல் உருண்டு வந்து எத்தனை உயிர்களைக் கொண்டுபோன இறக்கம் அது என்பதை இந்த ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. பேரிங்கில் ஆட்டம் கூடினால் ஹப்போடு சேர்ந்து பிரேக் டிஸ்க்கும் தள்ளாடும். தள்ளாடும் டிஸ்க் பிரேக் பேடுகளைப் பின்னுக்குத் தள்ளிவிடும். அடுத்தமுறை பிரேக்கை மிதிக்கும்போது பெடல் வழக்கத்தைவிட ஆழமாக இறங்கிய பிறகுதான் பிடிக்கும். அப்படி ஒரு வண்டியில் அம்மாவை உட்காரவைத்துக்கொண்டு அந்த இறக்கத்தில் இறங்க எனக்கு மனம் வரவில்லை. சேலம் பயணத்தை ஒரு வாரம் தள்ளி வைத்துவிட்டு வேலையைத் தொடங்கினேன்.

பேரிங்கை வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டியிருந்தது. எங்கள் வண்டியில், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் உண்டு. இத்தகைய சில வண்டிகளில், சக்கரத்தின் வேகத்தைச் சென்சாருக்குச் சொல்லும் காந்தப் பட்டை பேரிங்கின் ஒருபக்கச் சீலிலேயே பதிக்கப்பட்டிருக்கும். ஏபிஎஸ் இல்லாத மாடலுக்கான பேரிங்கும் அளவில் அச்சு அசலாக இதே போலத்தான் இருக்கும். கடைக்காரர் முதலில் அதைத்தான் எடுத்து நீட்டினார். பொருந்தும், ஓடும், ஆனால் டேஷ்போர்டில் ஏபிஎஸ் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். காந்தப் பட்டை உள்ள பக்கம் மங்கிய கறுப்பு ரப்பரைப் போலத் தெரியும். அது வண்டியின் உட்புறத்தை, அதாவது சென்சார் இருக்கும் பக்கத்தைப் பார்த்திருக்க வேண்டும். மாற்றிப் போட்டுவிட்டால் மறுபடியும் எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும், பிரித்தால் புதுப் பேரிங்கும் வீணாகும். பெட்டியில் அச்சிட்ட எண்ணும் வளையத்தில் பொறித்த எண்ணும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்த்து, ரசீதோடு 1,650 ரூபாய்க்கு வாங்கினேன். கூடவே புது ஹப் நட் ஒன்றும். பழைய நட்டின் உதடு ஒருமுறை நெளித்துப் பூட்டப்பட்டுவிட்டது. அதை மறுபடியும் நம்புவது சரியல்ல.

பிரிக்கும் வேலையில் சொல்வதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை, பொறுமைதான் வேண்டும். சக்கரம் தரையில் இருக்கும்போதே, நெளித்த உதட்டைச் சிற்றுளியால் நிமிர்த்தி, நீண்ட பவர் ஹேண்டிலால் ஹப் நட்டைத் தளர்த்தினேன். தம்பி பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தான். பிறகு வண்டியைத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றி, பிரேக் பேடுகளைப் பிடித்திருக்கும் காலிப்பரைக் கழற்றிச் சுருள் கம்பியில் ஒரு கட்டுக்கம்பியால் தொங்கவிட்டேன். அதை அதன் ரப்பர்க் குழாயில் தொங்கவிடக் கூடாது, குழாய் உள்ளுக்குள் கிழிந்தால் வெளியே தெரியாது. ஏபிஎஸ் சென்சாரை மெல்ல அசைத்து எடுத்து ஓரமாகக் கட்டினேன். ஷாக் அப்சார்பரை நக்கிளோடு இணைக்கும் இரண்டு போல்டுகளைத் தளர்த்துவதற்கு முன்பு, அவை உட்கார்ந்திருந்த இடத்தைச் சுற்றி வெள்ளைப் பெயின்டால் கோடு போட்டுக்கொண்டேன். சக்கரத்தின் சாய்வு அந்த இடத்தைப் பொறுத்தது. ஸ்டியரிங் ராடையும் கீழ்ப் பால் ஜாயிண்டையும் விடுவித்து, சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்டின் மரை கெடாதபடி பழைய நட்டை நுனியில் மாட்டி மரச் சுத்தியால் தட்ட, ஷாஃப்ட் நழுவி வெளியே வந்தது. அதையும் தொங்கவிடாமல் கட்டி வைத்தேன். நக்கிள் கைக்கு வந்தபோது மணி பதினொன்று.

பென்னாகரம் சாலையில் ஒரு லேத் பட்டறை இருக்கிறது. அதை நடத்துபவருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். போர்வெல் வண்டிகளின் உதிரிபாகங்கள், டிராக்டர் அச்சு, கரும்பு ஆலைச் சக்கரம் என்று எல்லாம் அங்கே வரும். அவரிடம் பாகங்களை அழுத்தித் தள்ளும் ஹைட்ராலிக் பிரஸ் இருக்கிறது என்பதால்தான் போனேன். ஞாயிற்றுக்கிழமையிலும் பட்டறை திறந்திருந்தது. நக்கிளைக் கையில் வாங்கிய உடனே, ஹப்பின் விளிம்பில் இருந்த பழைய அடித்தடங்களைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, “சுத்தியில அடிச்சு இறக்கியிருக்காங்க” என்றார். நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

ஹப்பை பிரஸ்ஸில் வைத்துத் தள்ளியதும், பெரும்பாலும் நடப்பதைப் போலவே, பேரிங்கின் வெளிப்பக்கத்து உள்வளையம் ஹப்போடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. அதைக் கழற்ற, அவர் பாதுகாப்புக் கண்ணாடியை அணிந்துகொண்டு, கிரைண்டரால் வளையத்தில் ஓரிடத்தில் மட்டும் முக்கால் ஆழத்துக்குக் கீறினார். முழு ஆழமும் வெட்டினால் கிரைண்டரின் தட்டு ஹப்பின் உடம்பில் பட்டுக் காயமாக்கிவிடும், அந்தக் காயத்தின் மேல் புது வளையம் சரியாக உட்காராது. கீறலில் உளியை வைத்து ஒரே தட்டு தட்ட, வளையம் ‘டப்’ என்று வெடித்து விட்டுவிட்டது. பிறகு பேரிங் நழுவாமல் பிடித்திருக்கும் சர்க்கிளிப் வளையத்தைக் கழற்றி, மீதிப் பேரிங்கையும் தள்ளி எடுத்தார். நக்கிளின் உள்துளையை மண்ணெண்ணெயில் கழுவி, மெல்லிய எமரித் தாளால் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓரிடத்தில் உளியின் பழைய கீறல் ஒன்று முடியளவு புடைத்திருந்தது. அதை அரத்தால் இரண்டு இழுப்பில் சமப்படுத்திவிட்டு, விரலால் தடவிப் பார்க்க என்னிடம் கொடுத்தார்.

அடுத்து அவர் செய்ததைத்தான் நான் விரிவாக எழுத விரும்புகிறேன், ஏனெனில் ஒரு பேரிங்கின் ஆயுள் அந்தப் பத்து நிமிடத்தில் முடிவாகிவிடுகிறது. பழைய பேரிங்கின் வெளிவளையத்தை எடுத்து, கிரைண்டரால் குறுக்கே ஒரு வெட்டு வெட்டினார். வெட்டிய வளையம் சற்றே சுருங்கக்கூடியது என்பதால் துளைக்குள் சிக்கிக்கொள்ளாது. புதுப் பேரிங்கின் வெளிவளையத்தின் மேல் மிகச் சரியாகப் பொருந்தும். காந்தப் பட்டை எந்தப் பக்கம் என்று இருவரும் இரண்டு முறை பார்த்துக்கொண்ட பிறகு, புதுப் பேரிங்கை நக்கிளின் வாயில் நேராக உட்காரவைத்து, அந்தப் பழைய வளையத்தை அதன் மேல் வைத்து பிரஸ்ஸை இயக்கினார். அழுத்தம் முழுவதும் வெளிவளையத்தின் மேலேயே விழுந்தது. பேரிங் கொஞ்சமும் சாயாமல் உள்ளே இறங்கி, அடியைத் தொட்டதும் பிரஸ்ஸின் ஒலி மாறியது. அந்த இடத்தில் நிறுத்தி, சர்க்கிளிப்பைப் போட்டு, அது பள்ளத்தில் முழுவதும் உட்கார்ந்துவிட்டதா என்று ஸ்க்ரூ டிரைவர் நுனியால் சுற்றிலும் தொட்டுப் பார்த்தார்.

இனி ஹப்பை உள்வளையத்துக்குள் இறக்க வேண்டும். 2023-இல் தவறு நடந்தது இந்த இடத்தில்தான். நக்கிளைத் தாங்கலாக வைத்துக்கொண்டு ஹப்பை மேலிருந்து தள்ளினால், தள்ளும் விசை ஹப்பிலிருந்து உள்வளையத்துக்கும், உள்வளையத்திலிருந்து குண்டுகளுக்கும், குண்டுகளிலிருந்து வெளிவளையத்துக்கும், அங்கிருந்து நக்கிளுக்கும் போகிறது. சாலையில் வண்டியின் பாரத்தைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்ட குண்டுகள் டன் கணக்கான பிரஸ் அழுத்தத்தையோ சம்மட்டி அடியையோ தாங்குவதற்கானவை அல்ல. எனவே கீழே தாங்கல் கொடுக்க வேண்டியது நக்கிளுக்கு அல்ல, உள்வளையத்துக்கு. அதற்குச் சரியான விட்டமுள்ள குழாய்த் துண்டு அவரிடம் அப்போது இல்லை. இருப்பதை வைத்து ஒப்பேற்றாமல், ஒரு பழைய இரும்புக் குழாயை லேத்தில் மாட்டி, உள்வளையத்தை மட்டும் தொடும்படி கடைந்து எடுத்தார். “குண்டு மேல பாரம் போவக் கூடாது தம்பி, வளையத்து மேலதான் போவணும்” என்று அவர் சொன்ன ஒரு வரியில் இந்த வேலையின் இலக்கணம் முழுவதும் அடங்கியிருக்கிறது. குழாயின் மேல் உள்வளையம், அதன் மேல் ஹப், அதன் மேல் பிரஸ். ஹப் எந்த அதிர்வும் இல்லாமல் வழுக்கி இறங்கியது. கையால் சுழற்றிப் பார்த்தேன்; புதுச் சீலின் இறுக்கம் மட்டும் மெல்லத் தெரிந்தது, வேறு எதுவும் இல்லை.

நான் கேட்டுக்கொண்டதற்காக, உடைத்து எடுத்த பழைய உள்வளையத்தையும் மீதிப் பேரிங்கையும் துடைத்து மேசையில் வைத்தார். முதலில் கிரீஸைப் பார்த்தேன். அது கறுத்திருந்தது, ஆனால் வெளுத்திருக்கவில்லை. வளையத்தில் எங்கும் துருவின் அடையாளம் இல்லை. ஊத்தங்கரைத் தண்ணீர் உள்ளே போகவே இல்லை. ஹப்பில் ஒட்டியிருந்த வெளிப்பக்கத்து வளையத்தின் ஓடுபாதையை வெளிச்சத்தில் சாய்த்தபோது, சின்னஞ்சிறு பள்ளங்கள் வரிசையாகத் தெரிந்தன. அவற்றின் இடைவெளியை அவர் ஒரு கம்பி முனையால் அளந்து, அதே முனையைக் கூண்டில் இருந்த இரண்டு குண்டுகளின் நடுவே வைத்துக் காட்டினார். இரண்டும் ஒன்றாக இருந்தன. அதாவது, ஹப்பை அடித்து இறக்கிய நேரத்தில் குண்டுகள் எங்கெங்கே நின்றனவோ, அங்கங்கே அவை எஃகில் தம் தடத்தைப் பதித்துவிட்டிருந்தன. அவற்றில் மூன்று பள்ளங்களைச் சுற்றிப் பரப்பு செதில் செதிலாக உரிந்து போயிருந்தது. உட்பக்கத்து வளையத்தில் அப்படி ஒரு பள்ளமும் இல்லை. அடி விழுந்த பக்கத்து வரிசைதான் சிதைந்திருந்தது. வண்டி பட்டறையை விட்டு வெளியே வந்த அன்றே அந்தப் பேரிங் கெட்டுவிட்டது. 16,000 கிலோமீட்டர் என்பது அந்தக் கேடு காதுக்குக் கேட்கும் அளவுக்கு வளர எடுத்துக்கொண்ட காலம் மட்டுமே.

இதைக் கண்ணால் பார்த்த பிறகு எனக்குக் கோபத்தைவிட வருத்தமே அதிகம் வந்தது. பொருள் தரமானதாக இருந்தது, அதைச் செய்தவர்களின் உழைப்பு அதில் இருந்தது, ஐந்து நிமிட அவசரம் அதைக் கெடுத்துவிட்டது. பிரஸ் இல்லாத பட்டறையில் கூலி குறைவு என்பதற்காகவோ பயணம் தடைபடுகிறது என்பதற்காகவோ இந்த வேலையைச் செய்துகொள்ளாதீர்கள். நீங்கள் மெக்கானிக்காக இருக்க வேண்டியதில்லை. பக்கத்தில் நின்று, கீழே தாங்கல் எதற்குக் கொடுக்கிறார்கள் என்று ஒரு முறை கேட்டாலே போதும். தெரிந்தவர் மகிழ்ந்து பதில் சொல்வார். லேத் பட்டறைப் பெரியவர் எல்லாவற்றுக்குமாகச் சேர்த்து வாங்கியது 500 ரூபாய்.

வீட்டுக்கு வந்து மாட்டும்போது கவனம் முழுவதும் ஹப் நட்டின் மேல்தான் இருந்தது. உள்வளையங்கள் இரண்டையும் ஒன்றோடொன்று நெருக்கிப் பிடித்து, குண்டுகளுக்கு இருக்க வேண்டிய இடைவெளியை நிர்ணயிப்பது அந்த நட்டு. அது தளர்ந்தால் வளையங்கள் பிரிந்து ஆடும். அளவுக்கு மீறி இறுகினால் குண்டுகள் நெருக்குண்டு சூடேறும். எங்கள் வண்டியின் கையேடு 175 நியூட்டன் மீட்டர் என்கிறது. ஒரு மீட்டர் நீளக் கைப்பிடியின் நுனியில் ஏறத்தாழ 18 கிலோ எடையைத் தொங்கவிட்டால் வரும் முறுக்கு அது. கைக்கணக்கில் இதை அறிய முடியாது என்பதால் நண்பர் ஒருவரிடம் டார்க் ரெஞ்ச் இரவல் வாங்கி வைத்திருந்தேன். சக்கரம் அந்தரத்தில் இருக்கும்போதே, தம்பி பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்க, ரெஞ்ச் ‘க்ளிக்’ என்று சொல்லும் வரை இறுக்கி, புது நட்டின் உதட்டைப் பள்ளத்துக்குள் நெளித்துப் பூட்டினேன். நட்டை இறுக்காமல் வண்டியைத் தரையில் இறக்கினாலோ, ஒரு முழம் தூரம் உருட்டினாலோ, இறுகாத வளையங்களின் மேல் வண்டியின் பாரம் ஏறிப் புதுப் பேரிங்கை அங்கேயே கெடுத்துவிடும். பிரஸ்ஸில் காப்பாற்றியதை வாசலில் இழந்த கதையாகிவிடும்.

ஷாக் அப்சார்பர் போல்டுகளை வெள்ளைக் கோட்டுக்கு நேராக வைத்தே இறுக்கினேன் என்றாலும், மறுநாள் வீல் அலைன்மென்ட் பார்த்துக்கொண்டேன். மிகச் சிறிய திருத்தம்தான் தேவைப்பட்டது. பிரேக் பெடலைச் சில முறை மிதித்து, பேடுகள் டிஸ்க்கோடு சேர்ந்த பிறகே வண்டியை எடுத்தேன். ஏபிஎஸ் விளக்கு எரிந்து அணைந்தது.

இடது பக்கத்துப் பேரிங்கையும் கையோடு மாற்றிவிடச் சொல்லிச் சிலர் அறிவுரை சொன்னார்கள். நான் மாற்றவில்லை. அது தொழிற்சாலையில் பொருத்தியது, சுருள் கம்பியில் விரல் வைத்துப் பார்த்தபோது சுத்தமாக இருந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றைப் பிரித்து, பொருத்தும் ஆபத்துக்கு அதை மறுபடியும் உட்படுத்துவதை நான் ஏற்கவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை தூக்கிச் சுழற்றிப் பார்ப்பது என்று வைத்திருக்கிறேன்.

அடுத்த வாரம் சேலத்துக்குப் போனோம். தொப்பூரில் இரண்டாவது கியரில் இறங்கும்போது வழக்கமாக வானொலியை வைக்கச் சொல்லும் அம்மா, அன்று கேட்கவில்லை. ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டு, தலையைச் சற்றே சாய்த்துச் சக்கரத்தின் பக்கம் கேட்டுக்கொண்டே வந்தார். சுங்கச்சாவடி தாண்டியதும்தான், “இப்ப ஒண்ணும் இல்லடா” என்றார். இப்போது 2,000 கிலோமீட்டர் ஆகிவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை சக்கரத்தை மறுபடியும் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினேன், சுருளில் விரல் வைத்துச் சுழற்றினேன். நட்டின் மேலும் ஷாஃப்டின் மேலும் சேர்த்து நான் இழுத்து வைத்திருந்த பெயின்ட் கோடு இம்மியும் விலகாமல் ஒரே கோடாக நின்றது.